அமைவு விளக்கங்களில் சொல்லும் சொல்லாமையும்: ‘கிட்’ கருவியின் கையேட்டை முன்வைத்து

1. முன்னுரை

கணிப்பொறித் தமிழ் குறித்த ஆய்வுகளில் கலைச்சொல்லாக்கம் பெற்றுள்ள இடத்தைக் கலைச்சொற்கள் அமரும் தொடர்கள் பெறவில்லை. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு நிகரான தமிழ்ச்சொல் எது என்பது பற்றி நீண்ட விவாதங்கள் நடைபெறுகின்றன. அச்சொல் இடம்பெறும் வாக்கியம் எதனை உறுதி கூறுகிறது, எதனைக் கூறாமல் விடுகிறது என்ற விவாதம் அரிதாகவே எழுகிறது. ஆயின் ஒரு கருவியின் கையேட்டைப் படிப்பவர் வாக்கியத்தை நம்பியே செயல்படுகிறார். வாக்கியம் மயங்குமாயின் அவர் செயலும் மயங்கும். அதன் விளைவாகப் பல நாள் உழைப்பு ஒரு நொடியில் அழிவதும் உண்டு.

கட்டளை வரிக் கருவிகளின் கையேட்டு மரபு அரை நூற்றாண்டைக் கடந்தது. கென் தாம்சனும் டெனிஸ் ரிச்சியும் எழுதிய யுனிக்ஸ் நிரலாளர் கையேட்டின் முதற்பதிப்பு 1971ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாளிட்டது. ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், வடிவம், விளக்கம், தொடர்புடையவை, குறைகள் என்றாற்போன்ற தலைப்புகளை வகுத்துச் சுருங்கச் சொல்லும் முறையை அது நிலைநிறுத்தியது. கருவியின் குறையைக் கருவியின் கையேடே அறிவிக்கும் நேர்மை அம்மரபின் ஒரு சிறப்பு. சுருக்கம் மற்றொரு சிறப்பு. அச்சுருக்கம் எவ்விடத்தில் குன்றக் கூறலாக மாறுகிறது என்பதே இங்கு ஆராயத்தக்கது. நூலுக்குரிய பத்துக் குற்றங்களைப் பட்டியலிடும் நன்னூல் குன்றக் கூறலை முதலில் வைக்கிறது. மயங்க வைத்தலையும் அப்பத்தினுள் சேர்க்கிறது. கட்டளை வரிக் கையேடுகளில் இவ்விரு குற்றங்களும் ஒன்றையொன்று தொடர்ந்தே வருகின்றன.

அமைவு விளக்கம் என்பது வெறும் வருணனையன்று. இன்ன மதிப்பைத் தந்தால் கருவி இன்னவாறு நடந்துகொள்ளும் என்று படிப்பவருக்கு அளிக்கப்படும் உறுதிமொழி அது. மதிப்பைத் தராதபோது என்ன நிகழும் என்பதைச் சொல்லாத உறுதிமொழி பாதி உறுதிமொழியே. இப்பாதியை ஆங்கில வாக்கியம் மறைத்துச் செல்ல இயலும். தமிழில் பெயர்க்க முற்படும்போது அது வெளிப்பட்டுவிடுகிறது. ஆதலின் மொழிபெயர்ப்பாளர் கையேட்டின் இறுதிப் பணியாளராக அன்றி, அதன் முதற்சீர்பார்ப்பாளராகக் கருதப்பட வேண்டும் என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

2. தரவும் எல்லையும்

‘கிட்’ என்பது நிரல்களின் மாற்ற வரலாற்றைப் பேணும் கட்டளை வரிக் கருவி. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் அதனை உருவாக்கினார். அதன் நடத்தையைப் பயனர் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ள உதவும் அமைவு மாறிகள் பல நூறு உள்ளன. ஒவ்வொரு மாறிக்கும் கையேட்டில் ஒரு சிறு பத்தி உண்டு; பெரும்பாலான பத்திகள் இரண்டு அல்லது மூன்று வாக்கியங்களில் முடிந்துவிடும்.

இப்பத்திகளை எவரும் தொடர்ச்சியாகப் படிப்பதில்லை. தமக்கு வேண்டிய மாறியின் பெயரைத் தேடி, அந்த ஒரு பத்தியை மட்டும் படித்து, மதிப்பை எழுதிவிட்டுத் தம் பணிக்குத் திரும்புவதே பயனர் வழக்கம். எனவே முன்பத்தியில் கூறியது பின்பத்தியில் உதவும் என்ற நம்பிக்கை இங்குச் செல்லாது. ஒவ்வொரு பத்தியும் தன்னளவில் நிறைவு பெற்றிருக்க வேண்டும்.

கையேட்டுத் தொடர்கள் இக்கட்டுரையில் தமிழாக்கமாகவும், மாறிகளின் பெயர்களும் மதிப்புகளும் ஒலிபெயர்ப்பாகவும் தரப்படுகின்றன. இறுதியில் கூறப்பட்டவை கருவி படிக்கும் குறியீடுகள் ஆதலின் மொழிபெயர்ப்புக்கு உட்படாதவை. ‘ட்ரூ’ என்பதற்கு ‘மெய்’ என எழுதினால் கருவி அதனை ஏற்காது. ஓரிடத்தில் மட்டும் ஒப்பீட்டுக்காகத் தொலைக் கணிப்பொறியில் நுழைய உதவும் ஓப்பன் எஸ்எஸ்எச் கருவியின் ஓர் அமைவு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

3. நிபந்தனையின் மறுபாதி

கிட் கையேட்டில் மிகப் பரவலாகக் காணப்படும் வாக்கிய அமைப்பு நிபந்தனைத் தொடராகும்.

(1) ‘ஃபெட்ச்.புரூன்’: ‘ட்ரூ’ எனில், கட்டளை வரியில் ‘புரூன்’ தெரிவு தரப்பட்டாற்போல ‘ஃபெட்ச்’ தானாகவே நடந்துகொள்ளும்.

தொலைக் களஞ்சியத்தில் இல்லாது போன கிளைகளின் சுவடுகளைப் பயனரின் களஞ்சியத்திலிருந்து களைவதே இதன் பணி. இங்கு மதிப்பு ‘ட்ரூ’ அல்லாதபோது என்ன நிகழும் என்பது கூறப்படவில்லை. களையப்படாது என்று படிப்பவர் தாமே உய்த்துணர்ந்துகொள்கிறார். மைக்கேல் கைஸ், ஆர்னால்டு ஸ்விக்கி ஆகிய இருவரும் 1971இல் விளக்கிய ‘அழைக்கப்படும் அனுமானம்’ இதுவே. ‘இது நிகழின் அது நிகழும்’ என்ற கூற்று, ‘இது நிகழாவிடின் அது நிகழாது’ என்ற அனுமானத்தை அளவை நெறிப்படி தருவதில்லை. ஆயினும் கேட்போர் மனம் அதனை வருவித்துக்கொள்கிறது.

இரு நிலைகள் மட்டுமே உள்ள இடத்தில் இவ்வனுமானம் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. ஆனால் கிட் கருவியின் இருநிலை மாறிகளுக்கு உண்மையில் மூன்று நிலைகள் உள்ளன: ‘ட்ரூ’ எனத் தரப்பட்ட நிலை, ‘ஃபால்ஸ்’ எனத் தரப்பட்ட நிலை, எதுவுமே தரப்படாத நிலை. மேலும், அமைவுக் கோப்பில் மாறியின் பெயரைச் சமக்குறியின்றித் தனியே எழுதினால் ‘ட்ரூ’ என்றும், சமக்குறியிட்டு அதன்பின் ஏதும் எழுதாது விட்டால் ‘ஃபால்ஸ்’ என்றும் கருவி பொருள்கொள்கிறது. வெறுமை என்பதே இங்கு ஒருபடித்தானதன்று.

தரப்படாத நிலையும் ‘ஃபால்ஸ்’ நிலையும் வேறுபடும் என்பதற்குத் தக்க சான்று ‘புல்.ரீபேஸ்’ என்னும் மாறி. தொலைக் களஞ்சியத்தின் மாற்றங்களைக் கொணரும்போது அவற்றைப் பயனரின் மாற்றங்களோடு இணைப்பதா, பயனரின் மாற்றங்களை அவற்றின் மேல் மீண்டும் அடுக்குவதா என்பதை இது முடிவு செய்கிறது. இரு வரலாறுகளும் பிரிந்து சென்றிருக்கும்போது, ‘ஃபால்ஸ்’ என்ற மதிப்பு இருப்பின் கருவி இணைக்கும். மதிப்பே தரப்படாதிருப்பின், 2021இல் வெளிவந்த பதிப்பிலிருந்து, எம்முறையைக் கையாள்வது எனக் குறிப்பிடுமாறு கூறிக் கருவி நின்றுவிடுகிறது. ஆக, ‘இல்லை’ என்ற விடையும் விடை கூறாமையும் வெவ்வேறு விளைவுகளைத் தருகின்றன. ‘ட்ரூ எனில்’ என்று தொடங்கும் விளக்கம் இவ்வேறுபாட்டைத் தாங்க வல்லதன்று.

இக்குறை தவிர்க்க இயலாததும் அன்று. அதே கையேட்டில் ‘மெர்ஜ்.எஃப்எஃப்’ என்னும் மாறியின் விளக்கம், எம்மதிப்பும் தரப்படாதபோது கருவி என்ன செய்கிறது என்பதை முதல் வாக்கியத்திலேயே கூறிவிடுகிறது. ‘ஃபால்ஸ்’ எனத் தந்தால் அந்நடத்தை எவ்வாறு மாறும் என்பது அதன் பின்னர் வருகிறது. ‘ஒன்லி’ என்ற மூன்றாவது மதிப்பின் விளைவு இறுதியில் வருகிறது. பழகிய நிலையை முதலிலும் மாற்றத்தைப் பின்னரும் வைக்கும் இவ்வொழுங்கு, அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்லும் நல்ல உரைநடையின் ஒழுங்கேயாகும். தமிழாக்குவோர் இப்பத்தியில் இடர்ப்படுவதற்கு ஏதுமில்லை.

முன்னிருப்பு மதிப்பைக் கூறும் தொடர் காலத்துக்கு உட்பட்டது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. ‘புஷ்.டிஃபால்ட்’ மாறியின் முன்னிருப்பு நெடுங்காலம் ‘மேட்சிங்’ என்பதாக இருந்தது. அதன்படி, இருபுறமும் ஒரே பெயர் கொண்ட கிளைகள் அனைத்தும் ஒருசேர அனுப்பப்பட்டன. ஒரு கிளையை மட்டும் அனுப்பக் கருதியவர் முற்றுப்பெறாத பிற கிளைகளையும் அனுப்பிவிடும் வாய்ப்பு அதில் இருந்தது. 2014 மே மாதம் வெளிவந்த இரண்டாம் தலைமைப் பதிப்பு இதனை ‘சிம்பிள்’ என மாற்றியது. எப்பதிப்பிலிருந்து இது முன்னிருப்பாயிற்று என்பதைக் கையேடு குறித்துள்ளது. பழைய முன்னிருப்பு இன்று அவ்வாறு இல்லை என்பதையும் குறித்துள்ளது. தமிழின் ‘செய்யும்’ என்னும் முற்று எக்காலத்துக்கும் பொதுவான இயல்பைக் குறிப்பதாகவே கொள்ளப்படுமாதலின், இத்தகைய பதிப்புக் குறிப்பு தமிழாக்கத்தில் இன்னும் இன்றியமையாததாகிறது.

4. அமைத்தவர் யார்?

ஆங்கிலக் கையேடுகளில் செயப்பாட்டு வினையெச்சம் எழுவாயின்றி, துணைவினையுமின்றி இயல்பாக வழங்குகிறது. இதனைத் தமிழாக்குவோர் மூன்று வடிவங்களுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

(2) அ. ‘ட்ரூ’ என அமைத்தால்
   ஆ. ‘ட்ரூ’ என அமைக்கப்பட்டால்
   இ. ‘ட்ரூ’ என அமைந்திருந்தால்

(2அ) படிப்பவரையே வினைமுதலாக உணர்த்துகிறது. (2ஆ) யாரோ ஒருவர் செய்யும் செயலைச் சுட்டுகிறது. (2இ) செயலைச் சுட்டாது, செயலின் விளைவாக நிலைத்துள்ள நிலையைச் சுட்டுகிறது. வழக்கில் உள்ள தமிழாக்கங்களில் முதலிரு வடிவங்களே மிகுதி. ஆயின் கிட் கருவியின் இயல்பை நோக்கின் மூன்றாவது வடிவமே பெரும்பாலும் பொருத்தமுடையது.

இதற்குக் காரணம், ஒரு மாறியின் மதிப்பு பல இடங்களிலிருந்து வரக்கூடும் என்பதே. கணிப்பொறி முழுமைக்குமான கோப்பு, ஒரு பயனருக்குரிய கோப்பு, ஒரு களஞ்சியத்துக்குரிய கோப்பு என அடுக்குகள் உள்ளன. ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் ஒரே மாறி காணப்படின் இறுதியில் படிக்கப்படும் மதிப்பே செல்லும். பயனர் எதனையும் அமைக்காதபோதும், நிறுவன நிருவாகி அமைத்த மதிப்பு அவர் பணியை ஆட்கொள்ளும். சில இடங்களில் மனிதர் எவரும் அமைப்பதில்லை. வரலாற்றின் தொடர்ச்சியாக அமையாத மாற்றங்களை ஏற்க மறுக்கும் ‘ரிசீவ்.டினைநான்ஃபாஸ்ட்ஃபார்வர்ட்ஸ்’ என்னும் மாறி, பலர் பகிர்ந்துகொள்ளும் களஞ்சியம் தொடங்கப்படும்போது அமைக்கப்படுகிறது என்று கையேடு கூறுகிறது. அமைப்பது கருவியே. கையேடு இதனை வெளிப்படக் கூறவில்லை. செயப்பாட்டு வடிவம் அதற்கு இடந்தந்துவிடுகிறது.

‘அமைத்தால்’ என்று பெயர்த்தால், தாம் அமைக்கவில்லை ஆதலின் இவ்விளக்கம் தமக்குரியதன்று எனப் படிப்பவர் கருத இடமுண்டு. ‘அமைந்திருந்தால்’ என்று பெயர்த்தால், எவர் அமைத்திருப்பினும் விளைவு ஒன்றே என்பது பெறப்படும். தம் கருவியில் என்ன மதிப்பு உள்ளது என்று சரிபார்க்கவும் அவ்வடிவம் தூண்டும். நிறைவைக் குறிக்கும் ‘இரு’ என்னும் துணைவினை இங்கு நடைக்கான அணியன்று, பொருளுக்கான தேவை.

5. எதிர்மறைகளின் அடுக்கு

கிட் கட்டளைகளுள் ‘கிளீன்’ என்பது மிகுந்த கவனத்தோடு கையாளத்தக்கது. கருவியின் பதிவில் இதுவரை சேர்க்கப்படாத கோப்புகளை அது நீக்குகிறது. பதிவில் சேராத கோப்புக்கு வரலாறு இல்லை. வரலாறு இல்லாததை மீட்கவும் கருவிக்கு வழியில்லை. இவ்விடரைத் தடுக்கவே ‘கிளீன்.ரிக்வயர்ஃபோர்ஸ்’ என்னும் மாறி உள்ளது. நெடுநாள் வழங்கிய அதன் விளக்கம் வருமாறு:

(3) எஃப், ஐ, என் ஆகிய தெரிவுகளுள் ஒன்று தரப்பட்டாலன்றி ‘கிளீன்’ எதுவும் செய்யாதிருக்குமாறு செய்யும் இருநிலை மாறி. முன்னிருப்பு ‘ட்ரூ’.

எஃப் என்பது நீக்குக என வலியுறுத்தும் தெரிவு. ஐ என்பது ஒவ்வொன்றையும் கேட்டு நீக்கும் தெரிவு. என் என்பது எதனையும் நீக்காமல், நீக்கப்படவிருப்பவற்றைப் பட்டியலிட்டுக் காட்டும் தெரிவு. அழிப்பதும் அழிக்காததும் ஒரே தொகையில் வைத்து எண்ணப்பட்டமை (3)இன் குறை. மூன்றும் ஓரினம் என்று படிப்பவர் கருதுவாராயின் அவரைக் குறைகூற இயலாது. ‘எதுவும் செய்யாது’ என்பதும் எதனைக் காக்கிறது என்பதைச் சொல்லவில்லை. 2024இல் இவ்விளக்கம் திருத்தப்பட்டது:

(4) எஃப் தரப்பட்டாலன்றிக் கோப்புகளை நீக்க ‘கிளீன்’ மறுக்குமாறு செய்யும் இருநிலை மாறி. முன்னிருப்பு ‘ட்ரூ’.

இத்திருத்தம் வரவேற்கத்தக்கது. காக்கப்படும் பொருள் கோப்பு என்பதும், தடுக்கப்படும் செயல் நீக்கம் என்பதும், தடையைக் கடக்கும் வழி ஒன்றே என்பதும் தெளிவாகின்றன. ஆயினும் தெளிவுக்காக முழுமை சிறிது இழக்கப்பட்டுள்ளது. ஐ என்னும் தெரிவைத் தந்து, கேட்கப்படும்போது ஒப்புதல் அளித்தால், எஃப் இன்றியும் கோப்புகள் நீக்கப்படுகின்றன. (4)ஐ எழுத்துக்கு எழுத்து நம்புபவர் இதனை எதிர்பார்க்கமாட்டார். ஒரு திருத்தம் பழைய மயக்கத்தை நீக்கும்போது புதிய குறை ஒன்றைத் தோற்றுவிக்கிறதா என்பதையும் சீர்பார்ப்பவர் வினவ வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அதே கட்டளையின் பக்கத்தில், எஃப் தெரிவை விளக்கும் இடத்தில், மற்றொரு தொடர் உள்ளது:

(5) அம்மாறி ‘ஃபால்ஸ்’ என அமைக்கப்படாதிருந்தால், எஃப் தரப்பட்டாலன்றிக் கோப்புகளையோ அடைவுகளையோ நீக்க ‘கிளீன்’ மறுக்கும்.

‘அமைக்கப்படாத’, ‘ஃபால்ஸ்’, ‘அன்றி’, ‘மறுக்கும்’ என நான்கு எதிர்மறைக் கூறுகள் ஒரே தொடரில் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் முதலிரண்டும் காரணமின்றி வந்தவையல்ல. ‘ட்ரூ என அமைந்திருந்தால்’ என்று எழுதியிருப்பின் எதுவும் தரப்படாத நிலை விடுபட்டிருக்கும். முன்னர்க் கூறிய மூன்று நிலைகளுள் இரண்டையும் தழுவும் பொருட்டே ‘ஃபால்ஸ் என அமைக்கப்படாத’ என்ற சுற்றுவழி மேற்கொள்ளப்பட்டது. பொருட்செம்மை உடைய தொடரே. ஆயினும் படிப்பதற்கு அரியது.

ஆங்கிலத் தொடரில் முதன்மை வினை இடையில் வந்துவிடுவதால், ‘மறுக்கும்’ என்பதை அறிந்த பின்னரே விதிவிலக்கைப் படிக்கிறோம். தமிழில் முற்றுவினை இறுதியில் நிற்கும். இரண்டு எதிர்மறை எச்சங்களைச் சுமந்துகொண்டே படிப்பவர் இறுதிவரை செல்ல வேண்டியுள்ளது. எனவே தொடரைப் பிரிப்பதே தக்கது:

(6) கோப்புகளை நீக்க எஃப் தேவை. அம்மாறி ‘ஃபால்ஸ்’ என அமைந்திருக்கும்போது மட்டும் எஃப் இன்றியே அவை நீக்கப்படும்.

நான்கு எதிர்மறைகளும் செய்த பணியை (6) ‘தேவை’, ‘மட்டும்’ என்னும் இரு சொற்களால் செய்கிறது. தரப்படாத நிலை முதல் வாக்கியத்துள் இயல்பாகவே அடங்கிவிடுகிறது. ஐ தெரிவுக்குரிய விலக்கையும் மூன்றாவது வாக்கியமாகச் சேர்க்க இடமுண்டு.

எதிர்மறை மயக்கம் விளக்கத்தில் மட்டுமன்றிப் பெயரிலேயே அமைவதும் உண்டு. ஓப்பன் எஸ்எஸ்எச் கருவியின் வழங்கிப் பகுதியில், தலைமைப் பயனர் தொலைவிலிருந்து நுழையலாமா என்பதை ‘பெர்மிட்ரூட்லாகின்’ என்னும் அமைவு முடிவு செய்கிறது. அதன் மதிப்புகளுள் ஒன்று ‘வித்தவுட்-பாஸ்வேர்டு’ என்று பெயர் பெற்றிருந்தது. கடவுச்சொல் முறையை ஏற்காது, மறைக்குறியீட்டுச் சாவி முதலிய பிற முறைகளால் மட்டும் நுழையவிடுக என்பது கருதப்பட்ட பொருள். கடவுச்சொல் எதுவும் கேளாமலே உள்ளே விடுக என்பது பெயர் தரும் மற்றொரு பொருள். முன்னது பாதுகாப்பை மிகுவிப்பது. பின்னது பாதுகாப்பையே இல்லாமற் செய்வது. 2015 ஆகஸ்டில் வெளிவந்த ஏழாம் பதிப்பில் ‘புரொகிபிட்-பாஸ்வேர்டு’ என்ற மயக்கம் குறைந்த மாற்றுப்பெயர் சேர்க்கப்பட்டது. முன்னிருப்பு மதிப்பும் அதுவேயாயிற்று.

‘கடவுச்சொல் இன்றி நுழைய அனுமதி’ என்னும் தமிழ்த் தொடரும் அதே இரு பொருளையும் தருவது கருதத்தக்கது. ‘இன்றி’ என்பது ஒரு பொருளின் இன்மையைக் குறிக்குமேயன்றி, அவ்வின்மை தடையால் வந்ததா தளர்வால் வந்ததா என்பதைக் குறிக்காது. சொல்லுக்குச் சொல் நேராகப் பெயர்த்தோர் மூலத்தின் மயக்கத்தை ஒரு குறையுமின்றித் தமிழுக்குக் கொணர்ந்திருப்பர்.

6. ஏவல், கூற்று, வாக்குறுதி

அமைவு மாறிகளின் பெயர்கள் பெரும்பாலும் ஏவல் வினையின் வடிவில் உள்ளன. பயனர் கருவிக்கு ஆணையிடுகிறார் என்ற தோற்றத்தை அவ்வடிவம் தருகிறது. ஆனால் எல்லா மாறிகளும் ஆணைகளல்ல.

‘கோர்.இக்னோர்கேஸ்’ என்னும் பெயரைப் படிப்பவர், ரோமன் எழுத்தின் பெரிய வடிவம், சிறிய வடிவம் என்ற வேறுபாட்டைப் பொருட்படுத்தாதே என்ற ஆணையாகவே அதனைக் கொள்வர். அதற்கு ‘ஃபால்ஸ்’ என்ற மதிப்பைத் தந்தால் அவ்வேறுபாட்டைக் கருவி பொருட்படுத்தத் தொடங்கும் என்றும் எதிர்பார்ப்பர். உண்மையில் அம்மாறி ஒரு கூற்று. கோப்புகள் சேமிக்கப்படும் கோப்பு முறைமை அவ்வேறுபாட்டைக் காட்டாதது என்ற செய்தியைக் கருவிக்கு அது அறிவிக்கிறது. களஞ்சியம் உருவாகும்போது கருவி தானே சோதித்து அம்மதிப்பை எழுதிக்கொள்கிறது. செய்தியை மாற்றி எழுதுவதால் கோப்பு முறைமையின் இயல்பு மாறிவிடாது. எழுத்து வடிவத்தால் மட்டும் வேறுபடும் இரு பெயர்கள் கருவியின் பதிவிலும், ஒரே கோப்பு வட்டிலும் இருக்கும் குழப்பமே விளையும்.

கையேடு இம்மாறியை அகநிலை மாறி என்று அழைக்கிறது; மதிப்பை மாற்றினால் எதிர்பாராத நடத்தை விளையக்கூடும் என்றும் எச்சரிக்கிறது. எச்சரிக்கை உள்ளது, காரணம் வெளிப்படக் கூறப்படவில்லை. ‘இது ஆணையன்று, கோப்பு முறைமை பற்றிய செய்தி’ என்ற ஒரு தொடர் இருந்திருப்பின் எச்சரிக்கைக்கே தேவை குறைந்திருக்கும். தமிழில் பெயரை விளக்குவோர் ‘பொருட்படுத்தாதே’ என ஏவலாகப் பெயர்ப்பதைத் தவிர்த்து, ‘வடிவ வேறுபாடற்ற கோப்பு முறைமை’ எனப் பெயர்த்தொடராக விளக்குவது பொருந்தும்.

ஏவலும் கூற்றும் அல்லாத மூன்றாவது வகை வாக்குறுதி. கோப்பு ஒன்றை மாறாததாகக் கொள்ளுமாறு செய்யும் ‘அஸ்யூம்-அன்சேஞ்ச்டு’ என்னும் கட்டளைத் தெரிவு இதற்கு எடுத்துக்காட்டு. இது அமைவு மாறியன்று. ஆயினும் தங்கள் கணிப்பொறிக்கு மட்டும் உரிய அமைவுக் கோப்புகளைக் கருவியின் பார்வையிலிருந்து மறைக்கப் பலர் இதனையே நாடுவதால் இங்குக் கருதத்தக்கது. பழைய விளக்கத்தில், இக்குறி இடப்பட்ட கோப்பில் மாற்றம் உள்ளதா எனச் சோதிப்பதைக் கிட் நிறுத்திக்கொள்ளும் என்று எழுதப்பட்டிருந்தது. எழுவாய் கிட், வினை கிட்டின் வினை. ஆதலின் கோப்பை மாற்றிக்கொண்டே இருக்கலாம், கருவி கண்டுகொள்ளாது என்று படிப்போர் உணர்ந்தனர். பின்வந்த விளக்கத்தில் எழுவாய் மாறியது: கோப்பை மாற்றுவதில்லை எனப் பயனர் வாக்களிக்கிறார், கோப்பு பதிவில் உள்ளபடியே இருக்கிறது எனக் கொள்வதற்குக் கிட்டுக்கு இடமளிக்கிறார்.

கருவியின் நடத்தையில் எந்த மாற்றமும் செய்யாமல், எழுவாயை மாற்றியதன் வாயிலாகவே இவ்விளக்கம் உண்மைக்கு நெருங்கி வந்துள்ளது. கடமை யாருடையது என்பது இப்போது தெளிவு. சில செயல்களின்போது கருவி அக்கோப்பைச் சோதிக்கவே செய்யும். வாக்களித்துவிட்டுக் கோப்பை மாற்றியவர் அதனைக் கருவியின் பிழை எனக் கூற இயலாது. தமிழில் எழுவாய் தொக்கு நிற்றல் இயல்பாதலின், ‘மாற்றமில்லை எனக் கொள்ளும்’ என்று மட்டும் பெயர்த்தால் பெற்ற தெளிவு முழுவதும் மீண்டும் இழக்கப்படும். ‘பயனர்’ என்னும் எழுவாயை இங்கு எழுதியே ஆக வேண்டும்.

7. வலுவின் தரம்

கட்டாயம், பரிந்துரை, இசைவு ஆகியவற்றை வேறுபடுத்துதல் தொழில்நுட்ப ஆவணங்களின் பழைய சிக்கல். இணைய நெறிமுறை ஆவணங்களுக்காக ஸ்காட் பிராட்னர் எழுதி 1997 மார்ச்சில் வெளிவந்த 2119ஆம் எண் ஆவணம், இவற்றைக் குறிக்கும் ஆங்கிலத் துணைவினைகளுக்கு வரையறை தந்தது. 2017 மே மாதம் வெளிவந்த 8174ஆம் எண் ஆவணம், அச்சொற்கள் முழுவதும் பெரிய எழுத்தில் எழுதப்பட்டால் மட்டுமே அவ்வரையறை செல்லும் என்று தெளிவுபடுத்தியது. தமிழ் எழுத்துக்குப் பெரிய வடிவமும் சிறிய வடிவமும் இல்லை. அங்கு எழுத்து வடிவம் சுமக்கும் வேறுபாட்டை இங்குச் சொல்லமைப்பே சுமக்க வேண்டும்.

தமிழில் ‘வேண்டும்’ என்பது கட்டாயத்துக்கும் பரிந்துரைக்கும் பொதுவாக வழங்குகிறது. ‘செய்தே ஆக வேண்டும்’, ‘தக்க காரணம் இருந்தாலன்றிச் செய்ய வேண்டும்’, ‘செய்யலாம்’ என மூன்று படிகளை வகுத்துக்கொண்டு, ஆவணம் முழுவதும் மாறாது கையாள்வதே வழி. எதிர்மறையில் தமிழ் செல்வம் மிக்கது: ‘செய்யக் கூடாது’ தடையையும், ‘செய்ய வேண்டியதில்லை’ தேவையின்மையையும் ஐயமின்றிக் காட்டுகின்றன. இடைப்பட்ட ‘செய்ய வேண்டாம்’ என்பது விலக்காகவும், தேவையின்மையாகவும், பணிவான அறிவுரையாகவும் நிற்குமாதலின் கையேட்டுக்கு உகந்ததன்று. ‘புல்.ரீபேஸ்’ விளக்கத்தில், இது ஆபத்தாகக்கூடிய செயல், விளைவுகளை உணர்ந்தாலன்றிப் பயன்படுத்தாதீர் என்ற எச்சரிக்கை உள்ளது. இதனை ‘வேண்டாம்’ என முடித்தால் அதன் வலு பாதியாகும்.

‘-லாம்’ என்னும் விகுதி இசைவையும் வாய்ப்பையும் ஒருங்கே குறிக்கும். ‘பல உதவி நிரல்களைக் குறிப்பிடலாம்’ என்பது இசைவு. ‘எதிர்பாராத நடத்தை விளையலாம்’ என்பது வாய்ப்பு. வாய்ப்புக்கு ‘-க்கூடும்’ என்பதையும் இசைவுக்கு ‘-லாம்’ என்பதையும் ஒதுக்கிக்கொண்டால் மயக்கம் இல்லை. ஆனால் ‘-க்கூடும்’ என்பதன் வடிவ எதிர்மறையாகிய ‘-க்கூடாது’ வாய்ப்பின்மையைக் குறிக்காது தடையையே குறிக்கும். ‘இயங்காமல் போகக்கூடும்’, ‘இயக்கக் கூடாது’ என்னும் இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே துணைவினையால் சுட்டப்படக் கூடியவை. இங்கு மூலத்தின் மயக்கத்தைக் காத்துவைக்கத் தமிழில் வடிவமே இல்லை. மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். எதனைத் தேர்வது என்பதை அகராதி சொல்லாது. கருவியை இயக்கிப் பார்த்தே அறிய இயலும்.

8. சுருக்கம் பற்றிய மறுப்பு

இவ்வளவும் எழுதினால் கையேடு பெருத்துவிடும், பெருத்த கையேட்டை எவரும் படியார் என்பது கருவியாக்குநர் தரப்பில் எழக்கூடிய மறுப்பு. இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. மிகைபடக் கூறலும் நன்னூலின் குற்றப் பட்டியலில் உள்ளதே. ஆனால் மேலே கண்ட திருத்தங்களுள் பெரும்பாலானவை நீளத்தைக் கூட்டவில்லை. (4) தன் மூலமாகிய (3)ஐ விடக் குறுகியது. ‘அமைத்தால்’ என்பதை ‘அமைந்திருந்தால்’ என மாற்றுவதால் சில எழுத்துகளே கூடும். எழுவாய் மாற்றத்துக்கு ஒரு சொல் போதும். நீளம் கூடும் இடம் தரப்படாத நிலையைச் சொல்லும் இடம் மட்டுமே. அங்கு ஒரு வாக்கியத்தைச் சேமிப்பது இழந்த கோப்புக்கு ஈடாகாது.

சீர்பார்ப்பவர் ஒவ்வொரு விளக்கத்திடமும் கேட்கத்தக்க வினாக்கள் ஐந்து. மதிப்புத் தரப்படாதபோது என்ன நிகழும்? மதிப்பைத் தந்தவர் யாராக இருக்க இயலும்? எதிர்மறைகளுள் எவை பொருளுக்குத் தேவையானவை? இது ஆணையா, செய்தியா, வாக்குறுதியா? துணைவினை கட்டாயத்தைக் குறிக்கிறதா, பரிந்துரையையா, வாய்ப்பையா? இவ்வினாக்கள் ஐந்தும் தமிழாக்கத்தின்போது தாமே எழுபவை என்பதை முன்பகுதிகள் காட்டின. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டு எழுதுபவருக்கு அவை எழாமற் போவதில் வியப்பில்லை. அவரது மொழி அவரை அவ்விடத்தில் நிறுத்துவதில்லை.

9. முடிவுரை

மொழிபெயர்ப்பாளர் மூலத்தின் மயக்கத்தைக் கண்டபோது, அதனைத் தம் தமிழில் மட்டும் தீர்த்துவிட்டுச் செல்வது வழக்கமாக உள்ளது. அது நற்பணி போலத் தோன்றினும் இருவகையில் தீங்குடையது. அவர் தேர்ந்த பொருள் தவறாயின், மூலத்தில் மயக்கமாக மட்டும் இருந்தது தமிழில் பொய்யாக உறுதிப்படும். அவர் தேர்வு சரியாயின், ஆங்கிலம் படிப்போரும் பிறமொழி பெயர்ப்போரும் அத்தெளிவைப் பெறாது போவர். தமிழ்த் தொடர் கேட்ட வினாவை மூலத்தை எழுதியோரிடம் திருப்பி அனுப்புவதே முறை. திறந்த மூலக் கருவிகளில் அதற்கு வழியும் உண்டு. கையேடும் நிரலைப் போலவே எவராலும் திருத்தம் முன்வைக்கத்தக்கது. (3) (4) ஆனதும், ‘அஸ்யூம்-அன்சேஞ்ச்டு’ விளக்கத்தின் எழுவாய் மாறியதும் இவ்வழியின் பயன் எத்தகையது என்பதைக் காட்டுகின்றன.

கலைச்சொற் பட்டியல் தயாரிக்கும் குழுக்களும் பல்கலைக்கழக மொழிபெயர்ப்புத் துறைகளும் தங்கள் பயிற்சியில் இத்தொடராய்வுக்கு இடமளிப்பது தக்கது. ‘முன்னிருப்பு’ என்னும் சொல்லை உருவாக்கியதோடு பணி முடிந்துவிடுவதில்லை. முன்னிருப்பு எது என்று சொல்லாத வாக்கியத்தில், அச்சொல்லால் பயன் ஏதும் இல்லை.